லயத்தைப் பிரிக்கும் முன் கையில் என்ன சாமான் வேணும்?

(புது வீட்டுக்குக் குடிபோகவிருக்கும் குடும்பங்களுக்காகப் பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டும் போடாமலும் ஓடி வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. மேலே ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு எழும்பிக்கொண்டு வருகிறது. சாவி கைக்கு வந்ததும் இந்தப் பழைய லயம் உடைபடும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சரியாகச் சொன்னால், உடைபடுவதற்கு முன்னால் நாம் எதை எடுக்கலாம், எந்த ஆயுதத்தால் எடுக்கலாம் என்பதைப் பற்றி.

என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், தகரத்தை நாங்க எடுத்துக்கலாமா?" இதற்குப் பதில் சொல்லாமல் சாமான் பேச்சுக்குப் போக முடியாது. 1992ல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. காணி அரசாங்கத்துடையதாகவே இருக்கிறது. லயக் காம்பராவில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், கூரையிலுள்ள தகரத்துக்கு நம் பேரில் துண்டு கிடையாது. ஆகையால் முதல் ஆயுதம் ஒரு கடிதம். இன்ன லயம், இன்ன காம்பரா, தகரம், மரம், கதவு, ஜன்னல், செங்கல் இவைகளை இன்ன குடும்பம் எடுத்துக்கொள்ளலாம் என்று துரை கையொப்பம் போட்டு, சீல் குத்திய கடிதம். வாய்ப்பேச்சில் "எடுத்துக்கோங்க" என்று சொன்ன துரை மாற்றலாகிப் போய்விட்டால், புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. களவு என்று ஒரு முறைப்பாடு போனால், நாலு தகரத்துக்காக நாலு நாள் பிரட்டை விட்டுவிட்டுப் பொலிஸுக்கு நடக்க வேண்டிவரும். சாமான்களை லொறியில் ஏற்றித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால், விசேஷமாக மரமென்றால், கிராம உத்தியோகத்தரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலர் நினைக்கலாம், புது வீடு வருகிறதே, இந்தப் பழைய குப்பை எதற்கு என்று. புது வீட்டில் கூரை இருக்கும், கதவு இருக்கும். விறகு அடுக்க இடம் இருக்குமா? மாட்டுப்பட்டி? கோழிக்கூடு? மழைக்குத் துணி காயப்போட ஒரு சாய்ப்பு? காணியைச் சுற்றி வேலி? அதையெல்லாம் நீங்கள்தான் போட வேணும். கடையில் ஒரு தகரம் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெக்கோ வந்து ஒரு தள்ளுத் தள்ளினால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் மண்ணோடு மண். அதற்கப்புறம் பொறுக்கினால் வளைந்த தகரமும் பிளந்த மரமும்தான் கிடைக்கும். பெக்கோ வருகிற தேதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது கையில் இருக்க வேணும்.

இனி ஒரு கசப்பான விஷயம். லயம் என்றால் பத்துக் காம்பரா, பன்னிரண்டு காம்பரா வரிசையாக. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஆனால் கூரை ஒன்றுதான். சுவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் பொது. நீங்கள் போகிறீர்கள், பக்கத்து ஆயாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை என்று வையுங்கள். உங்கள் பக்கத்துத் தகரத்தை இழுத்தால் அவர்கள் பக்கத்துத் தகரத்தின் ஓரம் தூக்கும். முகட்டுத் தகரத்தைக் கழற்றினால் மழை நேரே அவர்கள் படுக்கையில். நடுச்சுவரைத் தொட்டால் அவர்கள் வளைமரத்துக்குத் தாங்கல் போய்விடும். ஒரு தோட்டத்தில் இப்படி நடந்து, இரண்டு குடும்பம் இன்றைக்கும் முகம் பார்ப்பதில்லை, இத்தனைக்கும் அவர்கள் சம்பந்திகள். ஆகவே லயத்தில் ஒரே ஒரு குடும்பம் மிச்சமிருந்தாலும் அவர்கள் காம்பராவும், அதற்கு இரு பக்கத்துக் காம்பராவும் தொடப்படாது. அதை சங்கத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். கதவையும் ஜன்னலையும் கழற்றலாம். கூரை வேண்டாம்.

சரி, சாமானுக்கு வருவோம்.

நம் வீடுகளில் என்ன இருக்கிறது? கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மண்வெட்டி, கோடாலி, ஒரு அலவாங்கு. இவைகளை வைத்தே முடித்துவிடலாம் என்று தம்பிமார் நினைக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி தேயிலைக்குத்தான். அதை தகரத்துக்கு அடியில் விட்டு நெம்பினால் வாய் உடையும், உடைந்த துண்டு கண்ணுக்கு வரும், நாளை மலையில் வேலைக்கு வேறு கத்தி தேட வேணும். முள்ளாலும் நெம்பாதீர்கள், பல் வளைந்துவிடும். கோடாலியைக் கொண்டுவந்தாலே நான் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கோடாலியால் பிரித்த மரம் விறகுக்கு மட்டும்தான் ஆகும்.

அலவாங்கு விஷயம் வேறு. குழி தோண்டுகிற நீள அலவாங்கு அடிக்கல்லைப் புரட்ட நல்லது. கூரை வேலைக்கு அது கூடாது. அதன் நுனி தடிப்பு. தகரத்துக்கும் ரீப்பைக்கும் நடுவில் நுழையாது, நுழைந்தால் இரண்டையும் நாசமாக்கும். மேலே ஏறி நின்று அவ்வளவு பாரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவும் முடியாது. நமக்கு வேண்டியது தட்டையான நெம்பு இரும்பு. ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி நீளம், ஒரு நுனி வளைந்து, இரண்டு நுனியும் மெல்லிசாகத் தேய்ந்து, ஆணி பிடிக்க ஒரு வெட்டு இருக்கும். கடையில் வாங்கும்போது நுனியைப் பாருங்கள். விரல் நகம் போல மெல்லிசாக இருக்கிறதா? வெள்ளி போலப் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கீழே வைத்து ஒரு நுனியில் மிதித்துப் பாருங்கள், வளைந்து அப்படியே நின்றால் வேண்டாம், திரும்பி வந்தால் எடுங்கள். பட்டறைக்காரர் பழைய வில்லுத் தகட்டில் செய்து தருவார். அதைச் சூடாக்கி அடித்த பிறகு பதம் போடத் தெரிந்தவராக இருக்க வேணும். இல்லாவிட்டால் முதல் நாளே முறியும்.

நெம்புகிறபோது இரும்புக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். எப்போதும். பாரம் அந்தத் துண்டில் விழும், ரீப்பையில் விழாது. ஆணி கொஞ்சம் எழும்பினதும் துண்டை மாற்றிக் கொஞ்சம் தடிப்பானதை வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பத்து ரீப்பையில் எட்டு முழுசாக வரும். அவசரப்பட்டால் எட்டு பிளக்கும்.

சுத்தியல். ஆணி பிடுங்குகிற வாய் வைத்த சுத்தியல் வேணும், பதினாறு அவுன்ஸ் போதும். இருபது அவுன்ஸ் வாங்கினால் ஆம்பளைக்குச் சந்தோஷம், பகல் சாயும்போது மணிக்கட்டு வீங்கும். வாய் நேராக இருப்பதைவிட வளைந்திருப்பது ஆணிக்கு நல்லது. பிடி மரமென்றால் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அது ஒரு நாள் தலையோடு பறக்கும். தலை ஆடுகிற சுத்தியலைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. காய்ந்ததும் திரும்ப ஆடும், ஆப்பு அடியுங்கள். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது. முகத்துக்கு முகம் மோதினால் சிம்பு தெறிக்கும், கண் போய்விடும்.

ஆணி பிடுங்குவதில் ஒரு முறை இருக்கிறது. பின்பக்கம் வளைத்து அடித்த ஆணியை முதலில் நிமிர்த்துங்கள். நுனியில் மெதுவாகத் தட்டினால் தலை முன்பக்கம் எழும்பும். பிறகு பிடுங்குங்கள். தலை மரத்துக்குள் புதைந்திருந்தால் தோண்டாதீர்கள். அதற்கு வெட்டு வாள் அலகு இருக்கிறதே, இரும்பறுக்கிற அலகு, ஒரு அங்குலத்துக்குப் பதினெட்டுப் பல், இருபத்துநாலு பல் உள்ளது. ஒரு முனையைப் பழைய சேலைத் துணியால் சுற்றிக் கையில் பிடித்து, ரீப்பைக்கும் கைமரத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் விட்டு ஆணியையே அறுத்துவிடலாம். மரம் இரண்டும் முழுசு. பழைய துருவேறிய ஆணிக்கு இதுதான் வழி. அலகு விலை குறைவு. பத்து அலகாவது வாங்கி வையுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். மரவேலைக்காரர் வைத்திருக்கிற வாய் வளைந்த குறடும் ஒன்று வேணும், தலை முறிந்த ஆணியை அது பிடிக்கும்.

கதவு, ஜன்னலுக்குத் திருப்புளி. பிணைச்சலில் இருக்கிற இஸ்குரூவின் வெட்டில் நாலைந்து தடவை பூசின பெயின்ட் அடைந்திருக்கும். ஆணி நுனியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெட்டின் அகலத்துக்குச் சரியான திருப்புளியை வைத்துப் பின்னால் ஒரு தட்டுத் தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் திருப்பி, அப்புறம் கழற்றுங்கள். சின்னத் திருப்புளியால் பெரிய இஸ்குரூவைத் திருகி வெட்டை அழித்துவிட்டால் அப்புறம் உடைக்கத்தான் வேணும். நிலையைச் சுவரிலிருந்து எடுக்கும் முன், அதன் மூலைகளுக்குக் குறுக்கே ஒரு ரீப்பையை அடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிலை கோணிப்போய்க் கதவு திரும்பப் பொருந்தாது. இன்னொன்று, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். 2013 முதல்தான் நம் நாட்டில் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு வந்தது. பெயின்ட் பூசின மரத்தை அடுப்பில் எரிக்காதீர்கள். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டித் தூசு பறக்கவிடாதீர்கள். பிள்ளைகளின் மூளைக்கு அது கேடு.

தகரம் ஆணியால் அடித்திருந்தால் தட்டை இரும்பு போதும். வளைந்த போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் ஸ்பானர் வேணும். எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பதின்மூன்றாம் நம்பர், ஆறு மில்லிமீற்றருக்குப் பத்தாம் நம்பர். முதல் நாள் பின்னேரமே நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். அதற்கும் வராவிட்டால் வாள். கழற்றிய தகரத்தை ஈரத்தோடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள், நடுவில் தண்ணீர் நின்று அரித்துவிடும். சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். புது இடத்தில் அடிக்கும்போது ஆணி மேட்டில் போகட்டும், பள்ளத்தில் போனால் ஒழுகும். காற்றடிக்கிற நாளில் தகரம் இறக்கக்கூடாது. தகரம் கையில் இருக்கும்போது காற்று தூக்கினால் ஆளையும் தூக்கும், தகரத்தை விட்டால் கீழே நிற்கிறவர் கழுத்து.

இப்போது அஸ்பெஸ்டஸ். சில லயத்தில் பிற்காலத்தில் தகரத்தை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்டிருக்கிறார்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். வெயிலும் பாசியும் பட்டுப் பழசானது கண்ணுக்குப் பலமாகத் தெரியும், காலுக்குப் பப்படம். ஏணியிலோ, கைமரத்தின் மேல் குறுக்கே போட்ட பலகையிலோதான் நிற்க வேணும். அதை வாளால் அறுக்கக்கூடாது, சுத்தியலால் உடைக்கக்கூடாது, மேலிருந்து வீசக்கூடாது. அதிலுள்ள நார் கண்ணுக்குத் தெரியாத தூசாக நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருஷம் கழித்து நுரையீரல் நோய், புற்றுநோய் வரும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நீல வகையை நம் நாடு 1987லேயே தடை செய்துவிட்டது. வெள்ளை வகைதான் கூரைத் தகடாக வந்தது. ஆகவே முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். போல்ட்டை வெட்டி, முழுத் தகடாகக் கயிற்றில் இறக்குங்கள். முகத்தில் துணி கட்டினால் அந்தத் தூசு நிற்காது, அஸ்பெஸ்டஸ் தூசுக்கென்று உள்ள முகமூடி வாங்குங்கள். உடைந்த துண்டை வாசலில் சேறு படாமல் பரப்புகிற வேலை வேண்டாம், பிள்ளைகள் அதில்தான் கிட்டிப்புள் அடிக்கும். தடித்த பொலித்தீனில் சுற்றித் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படையுங்கள். என்னைக் கேட்டால், அஸ்பெஸ்டஸை ஆதாயமென்று புது வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

செங்கல்லுக்குப் பெரிய சாமான் தேவையில்லை. சாந்தை ஆணியால் கீறிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து, சாந்தகப்பையின் ஓரத்தாலேயே தட்டி எடுக்கலாம், கல் முழுசாக வரும். கீறல்கூட விழாவிட்டால் சீமெந்து. கல் உடையும், சாந்து உடையாது. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான். திருப்புளியால் குத்தினால் இறங்குகிற மரம் கூரைக்கு வேண்டாம், விறகுக்கு ஆகும். கறையான் மரத்தைப் புது வீட்டுச் சுவரோரம் அடுக்கினால் நீங்களே அதற்கும் வீடு கொடுத்த மாதிரி.

மற்றச் சாமான்கள்: ஏணி ஒன்று, கயிறு இரண்டு, தோல் கையுறை, கண்ணாடி, அடி தடித்த சப்பாத்து. அக்காமார் இடுப்பில் கட்டுகிற படங்கைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆணி கீறாமல் காப்பாற்றும். ஏணியின் உச்சி சாய்கிற இடம் பன்னிரண்டு அடி உயரமென்றால் அடி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பழுதான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரில் ஒரு காந்தம் இருக்கும், அதைக் கயிற்றில் கட்டிப் பின்னேரம் வாசல் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். ஆணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையின் காலில் ஏறாது. ஏறிவிட்டால், துருவோ துரு இல்லையோ, சவர்க்காரம் போட்டுக் கழுவி அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போங்கள். ஏற்புவலி ஊசி வேணுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். மஞ்சள் அப்பிவிட்டுப் படுக்கவைக்காதீர்கள். பெரிய விபத்தென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வேலை தொடங்கும் முன் கூரை விளிம்புக்கு அடியில் குளவிக் கூடு இருக்கிறதா என்று தூர நின்று பாருங்கள். மலையில் குளவி கொட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏணியில் நிற்கிறவருக்கு ஓட இடமில்லை. மின்சாரத்தை மெயின் சுவிட்சில் நிறுத்தினால் போதாது, மின்சார சபை ஆள் வந்து இணைப்பை வெட்டினதை நீங்களே கண்ணால் காண வேணும். ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்கு இழுத்த வயர் நம் லயங்களில் எத்தனை என்று எண்ணி முடியாது.

இன்னும் ஒன்று. மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லி ஆட்களை எழுப்பிவிட்ட லயமென்றால், நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் அங்கே செல்லாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படியான இடத்துக்கு, மழை நேரத்தில், ஒரு கதவுக்காகத் திரும்பிப் போகிறவரைத் தடுப்பது தலைவர்மாரின் பொறுப்பு. அனுமதி எழுத்தில் வந்து, நல்ல வெயில் நாளாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டாம். ஒரு லயத்துக்கு ஒரு செட் போதும். தட்டை இரும்பு இரண்டு, சுத்தியல் இரண்டு, குறடு ஒன்று, திருப்புளி பெரிசும் சின்னதும், ஸ்பானர் இரண்டு, வாள் ஒன்று, அலகுகள். சங்கப் பணத்தில் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு, பொட்டிக்காரியாக மாதர் சங்கச் செயலாளர் தங்கச்சியை வையுங்கள் என்பது என் யோசனை. ஆம்பளைகள் கையில் கொடுத்தால் சுத்தியல் திரும்பி வராது. சிரிக்கிறீர்கள், ஆனால் நான் பார்த்த மட்டில் அப்படித்தான். எடுக்கிறவர் கொப்பியில் பேர் எழுதி எடுக்கட்டும், பின்னேரம் எண்ணிப் போடட்டும். குடித்துவிட்டு வந்தவருக்கு ஏணியும் கிடையாது, சுத்தியலும் கிடையாது.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஆளில்லாத கடைசிக் காம்பராவில் தோட்டத்துத் தச்சர் ஒரு கதவையும் நாலு தகரத்தையும் கழற்றிக் காட்டுவார். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். கடிதத்துக்கான பேர்ப்பட்டியலைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். போகும்போது உங்கள் காம்பரா நம்பரைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.